அரசனை நிறுத்திய சொல்

ஆங்கிலத்தில் ஓர் அட்சரமும் படிக்காதவர்கள்கூட நாள்தோறும் நாவில் வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘செக்’ என்பது ஒன்று. வங்கியிலே பணத்துக்காகக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாளும் செக். ஓடுகிற பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி ஏறி, ஒவ்வொருவரிடமும் டிக்கெட்டை வாங்கிப் பார்க்கும் உத்தியோகஸ்தர் செய்வதும் செக்கிங். மாநில எல்லையில் சாலைக்குக் குறுக்கே தடுப்பு வைத்து லாரிகளை நிறுத்தும் இடம் செக்போஸ்ட். நாற்பது பிராயம் கடந்தவர்களை ஆண்டுக்கொரு தடவை வைத்தியர் செய்துகொள்ளச் சொல்வது செக்கப். ஜவுளிக்கடையிலே குறுக்கும் நெடுக்கும் கோடு ஓடிய சட்டைத் துணியை விரித்துப் போட்டு விற்பனையாளர் சொல்வதும் செக். ஓர் அரசியல் தலைவர் மற்றொருவருடைய முயற்சியை முன்கூட்டியே மடக்கிவிட்டாரானால் மறுநாள் பத்திரிகையில் ‘செக் வைத்தார்’ என்று தலைப்பு வருகிறது. வீட்டுத் திண்ணையிலே சதுரங்கப் பலகைக்கு முன்னே அமர்ந்த சிறுவன், எதிரியின் ராஜாவைக் குறிவைத்துக் குதிரையை நகர்த்திவிட்டுச் சொல்வதும் அதே செக்.

ஆங்கில அகராதியைப் புரட்டினால் இந்த அர்த்தங்களெல்லாம் எண்ணிடப்பெற்று, ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாதவைபோல வரிசையாக நிற்கின்றன. தடுத்தல், கண்டித்தல், சோதித்தல், கட்டமிட்ட துணி, பண ஆணை, சரி என்பதற்கு இடும் குறி, ஒப்படைத்த பெட்டிக்கு அடையாளமாகக் கொடுக்கும் வில்லை, அமெரிக்க உணவு விடுதியில் சாப்பிட்டு முடித்தபின் மேஜைக்கு வரும் பில் என்று அப்பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. நம் மாணவர்களும் அதை மருந்து விழுங்குவதைப்போல மனனம் செய்கிறார்கள். சொற்களின் பிறப்பை ஆராய்வதில் நெடுங்காலமாகப் பிரீதி கொண்டவனாகிய நான் அவர்களிடம் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு: அந்த எண்களைப் படிக்கத் தொடங்குவதற்கு முன்னால், சொல்லின் மூலத்தைக் குறிக்கும் சிறு வரியைப் படியுங்கள். செக் என்ற சொல்லின் விஷயத்தில் அந்தச் சிறு வரி நம்மைப் பாரசீகத்து அரசவைக்கும், அதற்கும் அப்பால் வட இந்தியாவின் சமவெளிக்கும் அழைத்துச் செல்கிறது.

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நான்கு அங்கங்களையுடைய சேனைக்குச் சதுரங்கம் என்று பெயர் என்பதையும், அப்பெயரையே தாங்கிய விளையாட்டு ஒன்று நம் தேசத்தில் தோன்றியதென்பதையும் எல்லாரும் அறிவர். கி.பி. 7ஆம் நூற்றாண்டிலே ஹர்ஷ சக்கரவர்த்தியின் சரித்திரத்தை எழுதிய பாணபட்டர், அவ்விளையாட்டைச் சிலேடையாக எடுத்தாளும் அளவுக்கு அது அக்காலத்துப் படித்தவர்களிடையே பழகியிருந்தது. இந்திய அரசன் ஒருவன் இந்த ஆட்டத்தைப் பலகையும் காயுமாகப் பாரசீகத்துக்கு அனுப்பி, இதன் ரகசியத்தைக் கண்டு சொல்ல முடியுமா என்று சவால் விட்டதாகவும், 531 முதல் 579 வரை அரசாண்ட முதலாம் குஸ்ரோவின் மந்திரி புசுர்க்மிஹ்ர் அதைக் கண்டுபிடித்துத் தம் மன்னருடைய மானத்தைக் காத்ததாகவும் பாரசீகர் ஒரு கதை சொல்லுவார்கள். 1010ஆம் ஆண்டு முடிவுபெற்ற தம்முடைய ஷாநாமாவிலே மகாகவி ஃபிர்தௌசியும் அக்கதையை விஸ்தாரமாகப் பாடியிருக்கிறார். சதுரங்கம் பாரசீகத்திலே ‘சத்ரங்’ ஆயிற்று. பாரசீகத்தை அராபியர் வென்றபின் அவர்கள் நாவிலே ‘ஷத்ரஞ்ச்’ ஆயிற்று.

ஆட்டத்தை ஏற்றுக்கொண்ட பாரசீகர் அதிலே ஓர் ஆசாரத்தையும் சேர்த்தார்கள். எதிரியின் அரசனைத் தாக்கும் நிலையில் ஒரு காயை வைத்தால், அதைச் சொல்லாமல் இருந்து அடுத்த ஆட்டத்திலே திடீரென்று அரசனைக் கவர்ந்துகொள்வது முறையன்று, ‘ஷா!’ என்று வாய்விட்டுக் கூற வேண்டும். ஷா என்றால் அரசன். ‘உன் அரசனுக்கு ஆபத்து, மற்ற காரியங்களை நிறுத்திவிட்டு அவனைப் பார்’ என்னும் அவ்வளவு பொருளும் அந்த ஓரசைச் சொல்லிலே அடங்கியிருந்தது. ஆங்கிலேயருடைய செக் என்னும் சொல்லுக்கு மூலம் இந்தக் குரலே.

ஷா என்னும் சொல்லோ மிகப் புராதனமானது. டேரியஸ் மாமன்னன் பெஹிஸ்துன் மலைப்பாறையிலே தன்னுடைய வெற்றிகளைப் பொறித்துவைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ‘க்ஷாயதிய’ என்ற நீண்ட வடிவத்தில் இருந்தது. காலம் செல்லச் செல்லத் தேய்ந்து ஷா என்று குறுகியது. ஆளுதல் என்று பொருள்படும் அதன் தாதுவும், நாம் க்ஷத்திரியர் என்று வழங்கும் வடசொல்லின் தாதுவும் ஒன்றே என்பது மொழிநூலார் துணிபு. இங்கிருந்து விளையாட்டுப் போயிற்று. அங்கே அதற்குக் குரலைக் கொடுத்த சொல்லும் இங்குள்ள ஒரு சொல்லுக்கு உடன்பிறப்பாகவே இருந்தது.

ஆட்டத்தின் முடிவிலே அரசனுக்குப் போக்கிடம் இல்லாமற்போனால் கூறுவது ‘ஷா மாத்’. இதை அராபியச் சொல்லாகக் கொண்டு ‘அரசன் இறந்தான்’ என்று பொருள் சொல்வது மிகவும் பிரசித்தம். ஆயினும் பாரசீகத்திலே மாத் என்பதற்குச் செயலற்றுத் திகைத்து நிற்றல் என்று பொருள் உண்டு. சதுரங்கத்திலே எந்தக் காய் வெட்டுண்டாலும் அரசன் மட்டும் ஒருபொழுதும் வெட்டுண்பதில்லை, நாற்புறமும் அடைபட்டு நிற்பதோடு ஆட்டம் நின்றுவிடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், பாரசீகப் பொருளே பொருத்தமாக எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் செக்மேட் என்றும், ஜெர்மானியத்தில் ஷாக்மாட் என்றும் வழங்குவது இத்தொடரே. ருஷ்யர்களோ ஆட்டம் முழுவதற்குமே ‘ஷாக்மதி’ என்று பெயரிட்டுவிட்டார்கள். ஹிந்திப் பத்திரிகைகள் அரசியல் சூழ்ச்சிகளை ‘ஷஹ் ஔர் மாத்’ என்று எழுதுவதும், நம் பத்திரிகைகள் ‘செக் வைத்தார்’ என்று எழுதுவதும் ஒரே ஊற்றிலிருந்து வெவ்வேறு வழியாக வந்து சேர்ந்த நீரே.

அராபியர் வாயிலாக ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் சென்ற ஆட்டம், ஐரோப்பியப் பண்டிதர்களுடைய லத்தீனிலே நுழைந்தபோது, ஷா என்பது ‘ஸ்காக்கஸ்’ என்று உருமாறியது. அதிலிருந்து பழைய பிரெஞ்சிலே ‘எஸ்செக்’ என்னும் சொல் பிறந்தது. அதன் ஒருமை ஆங்கிலத்துக்குள் வந்து செக் ஆயிற்று. பன்மையாகிய ‘எஸ்சே’ என்பது செஸ் ஆயிற்று. ஆகவே, செஸ் என்று நாம் சொல்லும் விளையாட்டின் பெயருக்கு உண்மையான அர்த்தம் ‘செக்குகள்’ என்பதே, இன்னும் மூலத்துக்குச் சென்றால் ‘அரசர்கள்’ என்பதே. இரண்டும் ஒரு சொல்லின் இரு வடிவங்கள் என்பதை ஆங்கிலேயர்களிற் பெரும்பாலோரே இன்று உணர்ந்திருக்க மாட்டார்கள்.

14ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் கவி சாஸர், லங்காஸ்டர் கோமகள் பிளான்ஷ் இறந்த துயரத்தைப் பாட முற்பட்டபோது, கறுப்புடை அணிந்த வீரன் ஒருவன் விதியென்னும் பெண்ணோடு சதுரங்கம் ஆடித் தன் ராணியைப் பறிகொடுத்ததாக அமைத்தார். செக் என்ற குரல் அவருடைய வாசகர்களுக்கு அவ்வளவு பரிச்சயமாகியிருந்தது. அந்நூற்றாண்டிலேயே அது பலகையை விட்டு இறங்கி, வாழ்க்கையில் நேரும் எந்தத் தடைக்கும் பெயராகத் தொடங்கியது. போய்க்கொண்டிருக்கிற ஒன்றைச் சட்டென்று நிற்கச் செய்வது செக். தவறு செய்தவனை அதட்டி நிறுத்துவது செக். வேட்டையாடும் நாய்கள் மோப்பத்தை இழந்து தயங்கி நிற்பதும், பழக்கிய ராஜாளி தான் துரத்திய இரையை விட்டுவிட்டு வேறொரு பறவையின் பின்னே திரும்புவதும் வேடர்களின் பரிபாஷையிலே செக். நம் ஓடைகளின் குறுக்கே கட்டும் தடுப்பணைக்குப் பொறியாளர்கள் செக் டேம் என்று பெயர் வைத்திருப்பதும் இந்தத் தடுத்தல் என்னும் பொருள்பற்றியே.

இனி, பணத்துக்கும் இச்சொல்லுக்கும் சம்பந்தம் ஏற்பட்ட வரலாற்றைச் சற்று நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன். இந்தச் சரித்திரத்திலே எனக்கு மிகவும் உகந்த பகுதி அது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி அரசனுடைய காலத்திலே, இங்கிலாந்தின் ராஜாங்க வருமானத்தைக் கணக்கிடும் சபைக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்னும் பெயர் வழங்கலாயிற்று. பிரெஞ்சிலே சதுரங்கப் பலகைக்கு ‘எஸ்செக்கியே’ என்று பெயர். அதன் முதலில் உள்ள ‘எஸ்’ என்பதை லத்தீன் முன்னொட்டாகிய ‘எக்ஸ்’ என்று பிற்காலத்தவர் தவறாகக் கருதிவிட்டமையால் இன்றைய வடிவம் அமைந்தது. கணக்கு பார்க்கும் சபைக்குச் சதுரங்கப் பலகையின் பெயர் வாய்த்த காரணத்தை, இரண்டாம் ஹென்றியின் பொக்கிஷதாராக விளங்கிப் பின்னர் லண்டன் பிஷப்பாகவும் ஆன ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் என்பவர், 1170களின் இறுதியில் குரு சிஷ்ய சம்வாதமாக இயற்றிய லத்தீன் நூலொன்றிலே தெளிவாக விளக்கியிருக்கிறார்.

பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள மேஜை. அதன்மேல் வைத்தவை விழுந்துவிடாதபடி நான்கு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. ஈஸ்டர் பருவத்திலே வாங்கி விரிக்கும் கறுப்புத் துணி. அத்துணியின்மேல் சாண் அல்லது அடி இடைவெளி விட்டுக் கோடுகள். ஒரு பத்தி பென்னிகளுக்கு, அடுத்தது ஷில்லிங்குகளுக்கு, அதற்கடுத்தது பவுன்களுக்கு, அதன் பின்னர் இருபதுகள், நூறுகள், ஆயிரங்கள் என்று வரிசையாகப் பிரித்து, அந்தந்தப் பத்தியிலே வட்டக்காய்களை வைத்தும் எடுத்தும் கூட்டலும் கழித்தலும் நடைபெற்றன. 12 பென்னி ஒரு ஷில்லிங்காகவும் 20 ஷில்லிங் ஒரு பவுனாகவும் மாறும் அந்த நாணய முறையில், ரோமானிய எண்களை எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது எளிதன்று. எழுதப் படிக்கத் தெரியாத மாவட்ட ஷெரீபுங்கூடத் தன் கண்ணெதிரிலேயே, தான் செலுத்தியது எவ்வளவு, செலுத்த வேண்டியது இன்னும் எவ்வளவு என்று பார்த்துத் தெளியும்படி காய்கள் பேசின.

ஈஸ்டரிலும் செப்டம்பர் மாத இறுதியில் வரும் மைக்கேல்மஸ் திருநாளிலும் ஷெரீபுகள் இந்த மேஜைக்கு முன் வந்து அமர வேண்டும். ஒரு பக்கம் பொக்கிஷதார், எதிர்ப்பக்கம் ஷெரீப். சதுரங்கத்திலே இரு அரசர்கள் பொருவதைப்போல இவ்விருவருக்குமிடையே போர் நடக்கிறது என்றே ஃபிட்ஸ்நீல் எழுதுகிறார். தன் மாவட்டத்திலே எதிர்ப்பாரின்றி அதிகாரம் செலுத்திய ஒரு பிரபுவை அழைத்துவந்து, ‘நீ வசூலித்தது எங்கே?’ என்று கோடிட்ட துணியின்முன் கேட்ட அந்தச் சபையின் பெயர் இன்றுவரை அழியவில்லை. பிரிட்டனின் நிதி மந்திரி இப்பொழுதும் சான்ஸலர் ஆப் தி எக்ஸ்செக்கர் என்றே அழைக்கப்படுகிறார்.

செலுத்திய பணத்துக்கு அக்காலத்தில் தாள் ரசீது இல்லை, குச்சிதான் ரசீது. கோணாத மரக்குச்சியிலே தொகைக்குத் தக்கவாறு வெட்டுக்கள் இடுவார்கள். ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலம், நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம் என்று வெட்டின் பருமனுக்கும் பிரமாணம் உண்டு. பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து, பணம் கொடுத்தவரிடம் ஒரு பாதியும் வாங்கியவரிடம் மற்றொரு பாதியும் இருக்கச் செய்வார்கள். பின்னொரு நாள் வழக்கு எழுந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். ஒருவர் தம் பாதியிலே கள்ளத்தனமாக ஒரு வெட்டைக் கூட்டியிருந்தாலும் மற்றதனோடு பொருந்தாமல் அது காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பாதிக்குச்சிகளில் ஒன்றின் பெயர் ஃபாயில். ரசீதுப் புத்தகத்திலே நாம் அடிக்கட்டை என்று சொல்லும் கவுண்டர்ஃபாயிலின் பெயர் இந்த வழியில் வந்ததே. நூற்றாண்டுக் கணக்காகச் சேர்ந்துவிட்ட இக்குச்சிகளை 1834ஆம் வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி பிரபுக்கள் சபைக்குக் கீழேயிருந்த உலைகளில் எரிக்கத் தொடங்கியபோது, தீ கட்டடத்தைப் பற்றிக்கொண்டு, பார்லிமெண்டின் இரு சபைகளையும் சாம்பலாக்கியது இங்கிலாந்தின் சரித்திரத்தில் ஒரு பெரிய சம்பவம்.

மோசடியைத் தடுப்பதற்கு ஒன்றை இன்னொன்றோடு ஒத்துப்பார்க்கும் இந்த வழக்கமே செக் என்ற சொல்லுக்குச் ‘சரிபார்த்தல்’ என்னும் பொருளைக் கொடுத்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலே அப்பொருள் நிலைபெற்றுவிட்டது. லண்டனில் கிளேட்டன், மாரிஸ் என்னும் இருவருடைய வங்கித்தொழில் நிலையத்தின்மேல் 400 பவுனுக்கு எழுதப்பட்ட ஆணையொன்று இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதன் காலம் நம் கணக்குப்படி 1660. அதை எழுதியவரோ பெற்றவரோ அதற்குச் செக் என்று பெயர் சொல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கள்ளத்தனத்தைத் தடுக்கும்பொருட்டு வைத்துக்கொள்ளும் அடிக்கட்டைக்குத்தான் முதலில் செக் என்ற பெயர் ஏற்பட்டது. பின்னர் அடிக்கட்டையிலிருந்து கிழித்துக் கொடுக்கும் தாளுக்கும் அது பரவிற்று. எக்ஸ்செக்கர் என்ற சொல்லின் சாயல் படிந்தமையால் பிரிட்டனிலே அதன் எழுத்துக்கூட்டு மாறியது. அமெரிக்கர்கள் பழைய எழுத்துக்களையே விடாது பற்றிக்கொண்டார்கள். 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் வழியாக இந்தத் தாள் நம் தேசத்திலும் சட்டபூர்வமான வரையறையைப் பெற்றது. பணமின்றி அது திரும்பிவருமானால் அதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவு 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அச்சட்டத்திலே சேர்ந்தது.

துணியின் கதை வேறொரு கிளை. நம் முன்னோர் ஆடிய பலகையிலே எட்டுக்கெட்டாகக் கோடுகள் உண்டு. கட்டங்களுக்கு நிறபேதம் இல்லை. கட்டங்களை ஒன்றுவிட்டொன்றாக இரு நிறங்களிலே தீட்டியது ஐரோப்பியரின் செய்கை. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்ன் மடத்திலே காக்கப்பட்டிருக்கும் பத்தாம் நூற்றாண்டு இறுதியைச் சார்ந்த லத்தீன் செய்யுளிலே அதற்குச் சான்று இருக்கிறது. அந்த இருநிறப் பலகையைப்போலத் தோன்றிய துணிக்கும், கொடிக்கும், தரைக்கும் செக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழிலோ பலகையில் உள்ளதும் கட்டம், கைலியில் உள்ளதும் கட்டம் என்று நாம் ஒரு சொல்லாலேயே முன்பிருந்து வழங்கிவருகிறோம். நம் கரையோரத்து நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட துணி ‘மெட்ராஸ் செக்ஸ்’ என்னும் பெயரோடு கடல் கடந்து பிரசித்தி பெற்றது. தோய்க்குந்தோறும் சாயம் கசிந்து ஒன்றோடொன்று கலந்து மெருகேறுவதையே அத்துணிக்கு ஒரு குணமாகச் சொல்லி அமெரிக்கர்கள் விரும்பி வாங்கிய காலமும் ஒன்றிருந்தது.

ஒரே பாட்டனாருடைய பேரப்பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களிலே குடியேறி, வெவ்வேறு தொழில் செய்து, ஒருவரையொருவர் அறியாமல் வாழ்ந்தாலும் முகச்சாயல் மாறாதிருப்பதைப்போல, இத்தனை அர்த்தங்களிலும் ஒரு சாயல் மாறாமல் இருக்கிறது. அது யாதெனில், தன்னிச்சையாகச் சென்றுகொண்டிருக்கும் ஒரு சக்தியை நிறுத்தி, கணக்குச் சொல்லும்படி கேட்பது. அரசனை நோக்கி எழுந்த குரல் ஷெரீபுக்கு எழுந்தது. ஷெரீபுக்கு எழுந்தது வணிகனுக்கு எழுந்தது. 1788ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஜேம்ஸ் மாடிசன், புதிய அமெரிக்க அரசியல் சட்டத்தை ஆதரித்து எழுதிய ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 51ஆவதிலே, சட்டசபையும் நிர்வாகமும் நீதிமன்றமும் ஒன்றையொன்று வரம்புமீறாதபடி தடுத்து நிற்க வேண்டும் என்று வாதிட்டபோது, அந்தத் தடைகளுக்கு அவர் காலத்து ஆங்கிலத்தில் ஆயத்தமாக இருந்த பெயர் செக் என்பதே. அரசன் என்று பொருள்பட்ட சொல், அரசு எதுவாயினும் அதை வரம்புக்குள் நிறுத்தும் கருவிக்குப் பெயராகிவிட்டது. இந்த மாற்றத்தைக் காட்டிலும் நியாயமான ஒரு மாற்றம் எந்தச் சொல்லுக்கும் நேர்ந்ததாக நான் அறியேன்.

பிரெஞ்சுக்காரர்களிடத்திலே இச்சொல் வேறொரு திசையிற் சென்றதையும் இங்கே சொல்ல வேண்டும். இன்றைய பிரெஞ்சிலே ‘எஷெக்’ என்றால் தோல்வி. பரீட்சையில் தவறினாலும் அதுவே, வியாபாரம் முறிந்தாலும் அதுவே. ஆங்கிலத்திலோ செக் தோல்வியாகிவிடவில்லை. தோல்வியைக் குறிக்க மேட் என்னும் துணைச்சொல் வந்து சேர வேண்டியிருந்தது. மூலத்துக்கு நெருங்கி நிற்பது ஆங்கிலப் பொருளே என்பது என் அபிப்பிராயம். ஏனெனில், பாரசீகத்து ஆட்டக்காரன் ‘ஷா’ என்று கூறியபோது, எதிரியின் அரசன் தோற்றுவிட்டான் என்று அறிவிக்கவில்லை. அவனுக்கு இன்னும் ஓர் ஆட்டம் மிச்சமிருக்கிறதென்றும், அதை யோசித்து ஆட வேண்டுமென்றும் தெரிவித்தான். பகைவனுக்கும் அந்த அவகாசத்தை மறுக்கலாகாது என்ற தர்மம் அந்தக் குரலில் இருந்தது.

இக்காலத்துப் போட்டி விதிகள் செக் என்று வாய்விட்டுச் சொல்லக் கட்டாயப்படுத்துவதில்லை. 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்திலே உலகத்தின் பல தேசத்தாரும் வந்து ஆடிய செஸ் ஒலிம்பியாடின் மண்டபங்களில், அரசர்கள் எத்தனையோ முறை தாக்கப்பட்டும் ஓசை எழவில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு அவ்வெச்சரிக்கை தேவையில்லை என்பது சரியே. மற்ற நம் அனைவருக்கும் அது தேவை. வைத்தியர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துச் சர்க்கரை ஏறத் தொடங்கியிருக்கிறதென்று சொல்லும்பொழுதும், தணிக்கையாளர் கணக்குப் புத்தகத்தின் ஓரத்திலே ஒரு கேள்வியை எழுதிவைக்கும்பொழுதும், நீதிமன்றம் ஓர் அரசாணையைப் பிடித்து நிறுத்தும்பொழுதும், நாம் அதை அவமானமென்று கொண்டு சினக்கிறோம். அந்தச் சினம் பொருந்தாது. ஆட்டம் இன்னும் முடியவில்லை என்பதற்கும், திருத்திக்கொள்ளும் அவகாசம் நம் கையில் இருக்கிறதென்பதற்கும் அதுவே அத்தாட்சி. எச்சரிப்பவர்களை விரோதிகளாக எண்ணித் துரத்திவிட்ட அரசுகளும் மனிதர்களும் அடுத்துக் கேட்கும் சொல் மாத் என்பதாகத்தான் இருக்கும். ஆகையால், செக் என்று நமக்குச் சொல்ல ஒருவர் இருக்கிறவரையில் அவருக்கு நாம் நன்றி பாராட்டக் கடமைப்பட்டிருக்கிறோம்.